கொடை பிறவிக் குணம்தானா? கை இறுகியே பிறந்தவன் என்ன செய்வது?

நூல்கண்டு (திருப்பூர்) கேட்டது:

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஒப்புவித்தல் போட்டி என்று ஔவையாரின் தனிப்பாடல் ஒன்றை வீடு முழுக்க நடந்து நடந்து மனப்பாடம் செய்தாள். உங்களில் பலருக்கும் தெரிந்த பாட்டுதான்:

சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்
வைத்ததொரு கல்வி மனப்பழக்கம் – நித்தம்
நடையும் நடைப்பழக்கம் நட்பும் தகையும்
கொடையும் பிறவிக் குணம்

கடைசி வரியில் நின்று என்னைப் பார்த்தாள். "அப்பா, பெரியப்பாவுக்குக் கொடை பிறக்கும்போதே வந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை. அது உங்கள் தப்பு இல்லைதானே?" என்றாள். கிண்டல் இல்லை. என்னை மன்னித்துவிட்ட குரல். அதுதான் தைத்தது.

வயது 46. பனியன் துணி தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சம்பளத்தை ஒரு ரூபாய் குறையாமல், அன்று மாலையே கொடுத்துவிடுவேன். யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் கொடுக்க வேண்டிய கணக்கெல்லாம் தீர்ந்த பிறகு, கணக்கில் இல்லாத பத்து ரூபாய்க்குக் கை நீள வேண்டுமென்றால் நெஞ்சுக்குள் ஏதோ இறுகுகிறது. கோயில் திருவிழா ரசீதுப் புத்தகம் வந்தால் முந்தைய தாளைப் புரட்டி, பக்கத்து யூனிட்காரர் எழுதியதைப் பார்த்து, அதைவிடச் சற்றுக் குறைத்து எழுதுகிற ஆள் நான். அண்ணன் நேர் எதிர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மகள் கல்யாணம் என்று சொன்னால் போதும், இறங்குவதற்குள் சட்டைப் பையைக் காலி செய்துவிடுவார். சின்ன வயதிலேயே அப்படித்தான் என்று அம்மா சொல்வார். மிட்டாய் கிடைத்தால் அவர் தெருப் பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பாராம். நான் காகிதத்தைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்துப் பூட்டுவேனாம்.

இது மாறுமா? கொடுப்பது நல்லது என்று எனக்குத் தெரியும், அதை யாரும் விளக்க வேண்டாம். இந்த வயதில், இந்த இறுக்கத்தை வைத்துக்கொண்டு, ஒருவன் கொடுக்கிற ஆளாக ஆக முடியுமா என்பதே கேள்வி.

வரப்போரம்:

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. உங்களுக்கு ஐம்பதுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன என்று வேண்டுமானால் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

அது இருக்கட்டும், அண்ணனுக்கு வெளியில் கடன் எவ்வளவு என்று விசாரித்தீர்களா? வீட்டுக்கு ஒருவர் உங்களைப் போல இருந்தால்தான் இன்னொருவர் வள்ளலாக இருக்க முடியும். எங்கள் குடும்பத்தில் அந்த வள்ளல் நான், பூட்டுப் போடுகிறவள் என் மனைவி. எனக்கு அவர்மேல்தான் மரியாதை அதிகம்.

தமிழ்ப்பலகை:

ஐயா, முப்பதாண்டுக்கு மேல் இந்தப் பாடலை வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஔவையார் என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்தார்கள். சங்க காலத்து ஔவையார் வேறு, இப்படிப்பட்ட தனிப்பாடல்களோடு நாம் சேர்த்துச் சொல்கிற ஔவையார் வேறு. வெண்பா மிக அழகானது. அழகான வெண்பாவெல்லாம் தீர்ப்பாகிவிடாது.

வள்ளல் என்றதும் நமக்கு முல்லைக்குத் தேரை விட்ட பாரியும், மயிலுக்குப் போர்வை தந்த பேகனும்தான் கண்முன் வருகிறார்கள். அந்தக் கதைகளில் எல்லாமே ஒரு கணத்தில் பொங்கி நடக்கிறது. அப்படிப் பொங்குவது உங்களுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான். திருவள்ளுவர் ஈகைக்குத் தனி அதிகாரமே வைத்தார். பிறவியில் இல்லாதவனுக்கு அது வரவே வராது என்றால் பத்துக் குறள் செலவழித்துச் சொல்லியிருப்பாரா? அதிலும் 228ஆம் குறள் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும்: பொருளைச் சேர்த்துவைத்து இழக்கிறவர்கள், கொடுத்து மகிழ்கிற இன்பத்தை அறியமாட்டார்களோ என்று கேட்கிறார். 'வன்கணவர்' என்று ஒரு சொல்லில் கடிந்தாலும் வெறுமனே திட்டவில்லை பாருங்கள். சுவை தெரியாதவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார். சுவை பழகப் பழக வருவது.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் ஔவையின் கடைசி அடியோடு நேராக மோதுவார். வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான், யாழ் மீட்டி மீட்டித்தான் யாழ்ப்பாணன் ஆகிறான், நல்ல செயலைச் செய்து செய்துதான் நல்லவன் ஆகிறான் என்பது அவர் கட்சி. கொடையையும் அவர் பழக்கத்தின் பக்கம்தான் வைத்தார். செய்யும்போது மகிழ்ச்சி வந்தால் குணம் படிந்துவிட்டது, வருத்தம் வந்தால் இன்னும் படியவில்லை என்று ஓர் அடையாளமும் சொன்னார்.

நீலக்கரைசல்:

தமிழாசிரியர் ஐயா கடைசியாகச் சொன்ன அடையாளத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் அரசு ரத்த வங்கியில் ஆய்வக நுட்பநராக இருந்து ஓய்வு பெற்றவள். மனிதர்களின் கொடைக் குணத்தை மில்லிலிட்டரில் அளந்து பார்த்த வேலை. எடை 45 கிலோவுக்கு மேல் என்றால் 350, 55 கிலோவைத் தாண்டினால் 450 வரை எடுக்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காசுக்கு ரத்தம் விற்பவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி முதல் அது நின்றது. விரலில் குத்தி ஒரு சொட்டை நீல நிறச் செப்பு சல்பேட் கரைசலில் விடுவோம். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் சொட்டு நேராக மூழ்கும், குறைந்தால் தயங்கி மிதக்கும். அடிக்கடி விற்கிறவர்களின் சொட்டு மிதந்துகொண்டே இருக்கும், அவர்கள் கெஞ்சிக்கொண்டே நிற்பார்கள். அதற்குக் கொடை என்று பெயர் இல்லை, பசி என்று பெயர்.

காசு போன பிறகு சொந்தக்காரர்கள் வந்தார்கள். அறுவை சிகிச்சைக்கு இரண்டு பாட்டில் வேண்டும் என்று வார்டில் சொல்லிப் பாருங்கள். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்ற இடத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவருக்கு அவசர போன் வரும். தூண் மாதிரி கை வைத்திருக்கும் மைத்துனருக்கு அன்று பார்த்துத் தலை சுற்றும். அழுதுகொண்டிருந்த பெரியப்பா டீ குடிக்கப் போனவர் போனவர்தான். கெட்டவர்கள் இல்லை. அதே பெரியப்பா ராத்திரி முழுக்க வராந்தாவில் கொசுக்கடியில் படுத்துக் கிடப்பார். ஊசிக்கு மட்டும் ஆள் இருக்கமாட்டார்.

இப்போது உங்கள் கேள்வி, தம்பி. மளிகைக் கடைக்காரர் ஒருவர். மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் ஏற்றினோம், பதிலுக்கு ஒரு யூனிட் கொடுங்கள் என்று பிடித்து உட்கார வைத்தோம். அந்த மனிதர் அளவு கேட்டார். பையின் எடையைத் தராசில் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பிஸ்கட் பாக்கெட் கொடுத்தால் இரண்டாவது ஒன்று உண்டா என்று கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உங்கள் ரசீதுப் புத்தகக் கதையைப் படித்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த முறை பக்கத்துக் கடைக்காரரின் மகனுக்காக வந்தார், அவர் நச்சரித்ததால். அதற்கும் அடுத்த முறை, ஏற்கெனவே கொடுத்தவர் என்று நாங்களே போன் செய்தோம், மறுக்க வெட்கப்பட்டு வந்தார். பிறகு எப்போது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, யாரும் கூப்பிடாமல் வரத் தொடங்கிவிட்டார். ஆண்கள் 90 நாளைக்கு ஒரு முறை கொடுக்கலாம். அவர் காலண்டரில் குறித்துவைத்து 91ஆம் நாள் வருவார். ஒரு நாள் கல்லூரிப் பையன் ஒருவன் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவர் அடுத்த கட்டிலில் பந்தை அழுத்திக்கொண்டே, "ஊசியைப் பார்க்காதே, ஃபேனைப் பார். ஃபேனில் எத்தனை இறக்கை? எண்ணு" என்று அதட்டினார். அவன் மூன்று என்று சொல்லி முடிப்பதற்குள் நான் ஊசியைப் போட்டுவிட்டேன்.

அவர் காசு விஷயத்தில் மாறினாரா? துளியும் இல்லை. இரண்டாவது பிஸ்கட் பாக்கெட் கடைசி வரை சட்டைப் பைக்குத்தான் போனது. கடையில் எனக்கு ஒரு ரூபாய் சில்லறை குறைத்ததில்லை, கூட்டியும் தந்ததில்லை.

அமெரிக்காவில் ஜேன் பிலியாவின் என்ற சமூகவியலாளர் ரத்தம் கொடுப்பவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். முதல் முறை பெரும்பாலும் நண்பன் இழுத்ததால், அலுவலகத்தில் முகாம் போட்டதால் வருகிறார்கள். திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது வெளிக் காரணங்கள் உதிர்ந்து, "நான் ரத்தம் கொடுக்கிற ஆள்" என்ற எண்ணமே காரணமாகிவிடுகிறது என்று கண்டார். பயிற்சி வகுப்பு ஒன்றில் இதைக் கேட்டபோது எனக்கு மளிகைக் கடைக்காரரின் சரித்திரத்தை யாரோ வாசிப்பது போல இருந்தது.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 14 வயதில் மார்பில் பெரிய அறுவை சிகிச்சை நடந்து, அடுத்தவர் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தவர். 18 வயது ஆனதும் 1954இல் கொடுக்கத் தொடங்கி, வயது வரம்பு தடுத்த 2018 வரை 1,173 முறை கொடுத்தார், பெரும்பாலும் பிளாஸ்மா என்ற திரவப் பகுதியை மட்டும் (அதை அடிக்கடி கொடுக்கலாம்). அவர் பிளாஸ்மாவில் அரிதான ஓர் எதிர்ப்பொருள் இருந்தது. தாய்க்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் ரீசஸ் (பாசிட்டிவ், நெகட்டிவ்) ரத்த வகை ஒத்துப்போகாத கர்ப்பங்களில் போடுகிற ஆன்ட்டி-டி ஊசி அதிலிருந்துதான் தயாரானது. அந்த மனிதருக்கு ஊசி என்றால் பயம். இத்தனை முறையில் ஒரு தடவைகூட ஊசி உள்ளே போவதை அவர் பார்த்ததில்லை. சுவரைப் பார்ப்பார், நர்ஸோடு பேசுவார், இந்தக் கையை மட்டும் பார்க்கமாட்டார்.

தமிழாசிரியர் ஐயாவோடு எனக்குப் பேச்சு இங்கேதான். பயம் போனால்தான் குணம் படிந்தது என்று வைத்தால் ஹாரிசனுக்குக் கடைசி வரை படியவில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. தம்பி, நெஞ்சு இளகட்டும், பிறகு கை நீட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். இறுக்கம் பாட்டுக்கு இருக்கட்டும், கை பாட்டுக்குப் போகட்டும்.

இன்னொன்று, உங்கள் அண்ணனைப் போன்றவர்களைப் பற்றி. பெரிய விபத்து நடந்து செய்தி வந்தால் மனம் பொங்கி வாசல் நிறைய வருவார்கள். அவ்வளவையும் எடுத்தால் வைக்க இடம் இராது. எங்கள் பைகளில் ரத்தம் 35 நாள் தாங்கும், தட்டணுக்கள் 5 நாள்தான். மே மாதம் கல்லூரி மூடிவிடும், முகாம் கிடையாது, பிரிட்ஜ் தட்டுகள் காலியாகக் கிடக்கும். அப்போது வருகிறவர் பொங்குகிறவர் இல்லை, காலண்டரில் குறித்து வைக்கிறவர். கணக்குப் பார்க்கிற உங்கள் புத்தியை எதற்குக் குறை என்று நினைக்கிறீர்கள்?

மறுபக்கம்:

உளவியல் முதுகலை மாணவன். அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, குணம் என்று நாம் பெயர் வைப்பதில் எவ்வளவு சூழ்நிலையின் வேலை? 1973இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படிக்கும் 40 மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேச வேண்டும் என்று அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பார். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம். இதில் கொடுமை, பாதிப் பேர் பேசப் போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் உவமைதான். அந்தத் தலைப்பு குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. ஆக நூல்கண்டு அவர்கள் தன் குணத்தை மாற்ற வேண்டாம், சூழ்நிலையை மாற்றினால் போதாதா?

இரண்டு, அம்மா பார்த்தது திரும்பி வந்தவர்களை மட்டும். ஒரு முறை கொடுத்துவிட்டுக் காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். கொடுத்துக் கொடுத்து மனம் வந்ததா, மனம் இருந்தவர்கள் மட்டும் வடிகட்டி மிஞ்சினார்களா?

நீலக்கரைசல்:

முதல் கேள்விக்குப் பாதி ஒப்புக்கொள்கிறேன். முகாமை வகுப்பறைக்குப் பக்கத்துக் கூடத்தில் போட்டால் வரிசை நிற்கும். அதே கல்லூரியில் விளையாட்டு மைதானத்தைத் தாண்டி உள்ள கட்டடத்தில் போட்டால் பேராசிரியர்கள் போய் இழுத்து வர வேண்டும். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். வருகைப் பதிவு கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும் என்றுதான் பலர் முதலில் கை நீட்டுவார்கள். நான் அதைக் குறையாகவே நினைத்ததில்லை. ஆனால் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், முகாமும் இல்லாமல் சான்றிதழும் தேவைப்படாமல், பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்தவன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறானே, அவன் தன் சூழ்நிலையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். முதலில் சூழ்நிலை அவனைச் செய்தது, பிறகு அவன் அதைச் செய்தான்.

இரண்டாவது கேள்வி வலுவானது. நின்றுபோனவர்கள்தான் அதிகம், அதை மறைக்க மாட்டேன். மனம் இருந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள் என்பது பலருக்குப் பொருந்தலாம். மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் என்னால் அதைப் பொருத்திப் பார்க்க முடியவில்லை. முதல் நாள் அவர் கேட்ட கேள்விகளை நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கும் முடியாது. ஒரே ஓர் ஆள் எதையும் நிரூபிக்கமாட்டார் என்பீர்கள். சரி. நூல்கண்டு தம்பிக்கும் ஒரே ஓர் ஆள் மாறினால் போதும்.

தமிழ்ப்பலகை:

அம்மா, ஹாரிசன் விஷயத்தில் என்னை மடக்கிவிட்டீர்கள். அரிஸ்டாட்டில் சார்பில் ஒன்று மட்டும்: ஊசி வலிக்கும், அது உடம்பின் கதை. கொடுத்ததை எண்ணி அவர் வருந்தினாரா? இல்லையே. ஆகவே மகிழ்ச்சியும் பயமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இனி இந்த வெண்பாவை நடத்தும் பழைய மாணவர்கள் யாராவது கேட்டால் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறேன்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. வரப்போரம் அவர்களுக்கு: அண்ணன் கடனை விசாரித்தேன். கேட்டிருக்கவே கூடாது.

கரைசல் அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் செய்தது என்ன தெரியுமா? பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். 90 நாளைக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 4 முறை. உச்ச வயது 65. இன்னும் 19 ஆண்டுகள். போய்வர, படுக்க, எழ எல்லாம் சேர்த்து ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம் என்றாலும் வேலை நாளில் போனால்தான் நஷ்டம். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை முகாம் உண்டா என்று பார்க்க வேண்டும். இப்படிக் கணக்குப் போடுகிறவனை உங்கள் ரத்த வங்கி உள்ளே விடுமா?

ஒரு சந்தேகம். எனக்குச் சர்க்கரை உண்டு, மூன்று ஆண்டுகளாக மாத்திரை. இன்சுலின் இல்லை. கொடுக்கலாமா, அல்லது அந்தக் கதவும் அடைத்துவிட்டதா?

நீலக்கரைசல்:

அடைக்கவில்லை. மாத்திரையில் கட்டுக்குள் இருந்து, கடந்த 4 வாரத்தில் மருந்தையோ அளவையோ மாற்றாமல் இருந்தால் பொதுவாக எடுப்பார்கள். இன்சுலின் போடுபவர்களிடம் எடுப்பதில்லை. முகாம் மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள், அட்டையைக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். அன்று வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள், மறுபடி எப்போது வரலாம் என்று தேதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லியோ எதுவோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள்.